முதுகுப் பக்கம்

ரிச்சி தெருவில்
எந்த பிளேயரின் முகத்தையும் நான் பார்க்கவில்லை.
திருப்பித் திருப்பி முதுகைத்தான்.

"இப்பல்லாம் ஒரே ஒயர் சார்,
அந்த ஆம்பைத் தள்ளிவிட்டுடுங்க"
என்றார் இத்ரீஸ் பாய்.
ஒரே ஒயரில் சொன்னால் அதற்குப் புரியாது.
ஆறு காது.
ஒவ்வொன்றிலும் தனித்தனியாகச் சொல்லவேண்டும்.

ஏழாவது கடையில் ஒன்று:
தலையில் தட்டினால்தான் வாய் திறக்கும்,
ரிமோட் கிடையாது,
பின்னால் ஆறு ஓட்டை.
ஆயிரத்து எண்ணூறு.
பெரம்பூர் வரை மின்சார ரயிலில்
மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

ராத்திரி டிஸ்க்கில் மழை.
சோபாவுக்குப் பின்னாலிருந்து பெய்தது,
வலப்பக்கம் மட்டும்.
இடது மூலையில் கோமளா
முறுக்கைக் கடித்தபடி
"எங்கே மழை?" என்றாள்,
நனையாமல்.

ஏதோ ஒரு ஒயர் செத்திருக்கிறது.
நாளைக்கும் ரிச்சி தெரு.