கூப்பிடு தூரம்

சவரிமுத்து ஊதித் தருகிற கண்ணாடிக் குப்பி
சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும்.
எங்களுக்கு வந்த தாளில் இரண்டே நிபந்தனை:
கைதவறி விழுந்தால் உடையக் கூடாது.
பீரங்கி வாயில் உடையாமல் இருக்கக் கூடாது.

மாடிப்படி வளைவிலிருந்து நான் போடுவேன்.
கீழே நின்று அவர் எண்ணுவார்.
ஒன்றரை மீட்டர், உடையவில்லை.
இரண்டு, உடையவில்லை.
மூன்றில் ஒன்று போனது. அமிலம்
ஆத்தங்குடிக் கல்லில் ஒரு பூவைத் தின்றது.
அந்த இதழ் மட்டும் இன்னும் வெளிறிக் கிடக்கிறது.

பேட்டரி என்று வீட்டில் சொன்னால்
டார்ச்சுக்கா என்கிறார்கள்.
இது இருபது வருஷம் தூங்கும்.
சுட்ட பிறகுதான் குப்பி நொறுங்கி,
குண்டு சுழல்கிற வேகத்தில்
அமிலம் ஈயத் தகடுகளுக்குள் பரவி
இமைப்பதற்குள் விழித்துக்கொள்ளும்.
விழித்தபின் ஆயுள் ஒரு நிமிஷம்கூடக் கிடையாது.
அதற்குள் அது கூப்பிட வேண்டும்.
தன் குரல் திரும்புகிறதா என்று கேட்க வேண்டும்.
திரும்பிய குரல் தடித்துக்கொண்டே வந்தால்
கிட்டத்தில் விமானம்.
மோதத் தேவையில்லை,
கிட்டப் போனால் போதும்.

இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.
காலேஜ் ரோட்டில் ஐந்தே முக்கால் பஸ்.
பின்னால் ஒருவன், இன்னும் தொடவில்லை.
முதுகுக்குத் தெரிந்துவிட்டது.
தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினேன்.
எங்கள் வரைபடத்திலும் ஒன்று உண்டு,
அதற்கும் பெயர் சேஃப்டி பின்தான்.
கோட்டையூரில் அவன் இறங்கிப் போனான்
எவ்வளவு அருகில் வந்தோம் என்று தெரியாமல்.

ஐப்பசியில் சுடுதளத்திலிருந்து அறிக்கை.
பத்தில் ஏழு சரி.
இரண்டு, மழையையே எதிரி என்று நம்பி
பாதி வானத்தில் வெடித்துவிட்டன.
ஒன்று வாயே திறக்கவில்லை.
மணலுக்குள் எங்கோ.

"மழைக்குப் பயந்த பயலுக" என்று சிரித்தார் சவரிமுத்து.
நான் அந்த ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன்.
அந்தப் பக்கம் ஆடு மேய்க்க வருவார்களா?
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
இருந்தது 'காரணம்' என்ற கட்டம்தான்.
குப்பி உடையவில்லை என்று எழுதினேன்.

எழுதிவிட்டு, அடுத்த தொகுதிக்குக் கண்ணாடியை
ஒரு நூல் மெலிசாக ஊதச் சொன்னேன்.