ஒத்து

குத்தாய்சி நகரில், டயர் கடைக்கு மேலுள்ள அறையில்
வியாழன்தோறும் மூன்று பேர் பாடுவோம்.
மேல்குரல் கூராம். நடுக்குரல் நான், ரேவாஸ்.
எல்லாவற்றுக்கும் அடியில், தரைபோல, எல்குஜா.

அவன் பாடுவது பெரும்பாலும் ஒரே ஸ்வரம்.
கேட்பவர்கள் அதைக் கவனிப்பதுகூட இல்லை.
அது நின்றால்தான் தெரியும்:
ஏணியை யாரோ உருவிக்கொண்டு போக
நாங்கள் இருவரும் அந்தரத்தில்.

ஒவ்வொரு பாட்டு முடிந்ததும் ஆளுக்கொன்று.
ஊறுகாய் ஜாடியின் மூடிதான் சாம்பல் தட்டு.
பனிக்காலத்தில் ஜன்னல் திறக்க மாட்டோம்.
"ரியோனி ஆற்றின் மூடுபனி வெளியே,
நம்முடையது உள்ளே" என்பான் கூராம்.
சிரிப்போம். சிரிப்பு இருமலாகும்.
இருமலுக்கும் சிரிப்போம்.

"தொண்டை கரகரத்தால்தான் அடிக்குரல் கனியும்"
என்று சொன்னவன் நான்.
எங்கே கேட்டேன் என்று இன்றுவரை தெரியாது.
இருபத்தாறு வருடம்
அவன் ஊதினான், நான் ஒத்து ஊதினேன்.
தீப்பெட்டி பெரும்பாலும் என்னுடையது.

குரல் கம்மியபோது தேன் என்றோம்.
தேன் கேட்காதபோது திராட்சைச் சாராயம் என்றோம்.
பிறகு திபிலீசி. மருத்துவர் தாளில் வரைந்து காட்டினார்,
ஒரு வட்டம், அதற்குள் கறுப்பாய் ஒரு சின்ன வட்டம்.
சிசானா அந்தத் தாளை நான்காய் மடித்து
ரொட்டிக் கடை ரசீதுகளோடு வைத்துக்கொண்டாள்.

இப்போது அவன் கழுத்தடியில் ஒரு துளை.
மூச்சு அதன் வழியே போய் வருகிறது;
வாய்க்கும் மூச்சுக்கும் பேச்சுவார்த்தை இல்லை.
மூக்கு முகத்தில்தான் இருக்கிறது,
அடுப்பில் ரொட்டி கருகினால் சிசானா வந்து சொல்ல வேண்டும்.
மகளின் பிறந்தநாள் மெழுகுவத்திகளை
தட்டால் விசிறி அணைத்தான்.
அவள் சிரித்தாள். பிறகு
கத்தியைத் தேடுவதுபோல உள்ளே போய்விட்டாள்.
சூப் சூடாக வந்தால் ஆறும்வரை
கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறான்.
அத்தனை வருடம் ஊதித் தள்ளியவனுக்கு
ஒரு கரண்டி சூப்பை ஊத
மூச்சு வாய்க்கவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்.
அந்த மருத்துவமனையின் பின்வாசலில் ஒருவர்
கழுத்துத் துளையில் சிகரெட்டைப் பொருத்தி
கண்மூடி இழுத்துக்கொண்டிருந்தார்.
என்னைப் பார்த்ததும் பெட்டியை நீட்டினார்.
என் கை போயிற்று.
மாடியில் எல்குஜா மயக்கத்தில் கிடக்கிறான்,
என் கை போயிற்று.

மார்ச் மாதம் ஒரு வியாழன், படியில் காலடி.
டார்ச் லைட் அளவில் ஏதோ கையில்.
தாடையின் கீழ் அழுத்தினான்.
"ஆரம்பிங்க" என்றது அது,
முகம் மழிக்கும் இயந்திரத்தின் குரலில்.
பிறகு ஒரே ஸ்வரம். ஏற்றமில்லை, இறக்கமில்லை,
டப்பாவில் அடைத்த வண்டுபோல.
கூராம் என்னைப் பார்த்தான், நான் ஜன்னலைப் பார்த்தேன்.
சுருதிப் பெட்டியாகி வந்து நிற்கிறான் எங்கள் தரை.

எங்கள் சுருதிக்கும் அதற்கும் கால் இடைவெளி.
இயந்திரம் இறங்கி வராது.
நாங்கள்தான் ஏறிப் போனோம்.
விருந்தாளியை வழியனுப்பும் பழைய பாட்டு.
அழகாயிருந்தது என்று சொன்னால் பொய்.
நின்றது என்று சொல்லலாம். மூன்று காலில் நின்றது.

மூன்றாவது அடியில் ரீங்காரம் தேய்ந்து
அணைந்தது.
நாங்கள் அந்தரத்தில்.
கீழே டயர் கடையில்
யாரோ எதற்கோ காற்று அடிக்கும் சத்தம்.

எல்குஜா சட்டைப் பையைத் தடவினான்.
எனக்குத் தெரிந்த தடவல். தீப்பெட்டி தேடுகிறவனின் தடவல்.
நாற்பத்தொரு நாளாய் நானும்
வெறும் பையை அப்படித்தான் தடவுகிறேன்,
மன உறுதியால் அல்ல, பயத்தால்.

எடுத்தது புது பேட்டரி.
பழையதைக் கழற்றி
கழுவி வைத்திருந்த ஜாடி மூடியில் போட்டான்.
டிங்.

"மூன்றாவது அடியிலிருந்து" என்றது இயந்திரம்.