வழிவிடவும்

பலாலி வீதியில், கம்பஸுக்குக் கிட்ட
நான் வேலை செய்கிற கடைக்கு
பங்குனியில் வந்து இறங்கியது அது.
நாலு தட்டு, இரண்டு கண், பூனைக் காது.
பெட்டியைப் பிரித்த அன்றே முதலாளி
அதன் நெற்றியில் சந்தனம் வைத்தார்.

அதன் தமிழ் எங்கட தமிழ் இல்லை.
"தயவுசெய்து வழிவிடவும்" என்று
செய்தி வாசிக்கிற குரலில்
கொத்துரொட்டி கொண்டு போகும்.
"தள்ளுங்கோ" என்று சொல்லப் பழக்க
கொழும்பிலிருந்து ஆள் வருமாம்.
வரவில்லை.

பேர் வைக்கப் போட்டி நடந்தது.
நூற்றுப் பதினாறு துண்டுகள்.
வென்ற பேர் செல்லம்.
மூன்று வருசமாய் என் சட்டையில்
கஜானி என்று குத்தியிருக்கிறேன்.
"இஞ்ச", "தங்கச்சி", "உஸ்",
ஒரு விரல் சொடுக்கு,
எல்லாவற்றுக்கும் திரும்பியிருக்கிறேன்.

பொய் சொல்லக்கூடாது.
என் குதிக்கால் வீக்கம் வற்றியது அதனால்தான்.
வெறியில் வருகிற மேசைக்கு
அதையே அனுப்பலாம்.
கையைப் பிடித்தால் அது கூசாது.

ஆனால் கடையில் சத்தம் செத்துப்போனது.
மேசையில் ஒட்டிய கட்டத்துக்கு ஃபோனைக் காட்டி
விரலால் ஓடர் கொடுத்து
வந்ததைப் படம் எடுத்து
சாப்பிட்டு எழும்புகிறது சனம்.
போகும்போது செல்லத்தின் காதைத் தடவி
"தாங்ஸ்" என்கிறார்கள் பிள்ளைகள்.
நான் பின்னால் நின்று
எச்சில் கோப்பை அடுக்குகிறேன்.

ஏழாம் மேசை பரராசசிங்கத்தாருக்கு.
கோண்டாவில் டிப்போவில் நேரக்கணிப்பாளராய் இருந்தவர்.
ஒவ்வொரு பின்னேரமும் ஆறே கால்,
இடியப்பம் பத்து, சொதி, சம்பல்,
பிறகு என்னோடு ஒரு சண்டை.
"சம்பலுக்கு உப்புப் போட்டதா, உப்புக்குச் சம்பல் போட்டதா?"
"ஆறு நிமிசம் லேற், பிள்ளை."
"உங்கட பஸ் எந்த நாள் நேரத்துக்கு வந்தது, ஐயா?"
கடைசி பஸ்ஸில் அச்சுவேலிக்குப் போகையில்
சொல்லாமல் விட்ட மறுமொழி நினைவு வரும்.
யன்னல் பக்கம் திரும்பிச் சிரிப்பேன்.

செல்லம் வந்த பிறகு
நாலு நிமிசம் இருபது செக்கன்.
ஒரு நாளும் பிந்தவில்லை.
அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
தட்டை எடுத்தார்.
குறை சொல்ல வாயைத் திறந்தார்.
அது திரும்பிப் போய்விட்டது.

மூன்று கிழமை அப்படி.
பிறகு ஒரு செவ்வாய்
பக்கத்துக் கதிரையை மெல்ல இழுத்து
அந்த ஒடுங்கிய நடையில் வைத்தார்.
நின்றது.
"தயவுசெய்து வழிவிடவும்."
அவர் சொதியை ஊற்றினார்.
"தயவுசெய்து வழிவிடவும்."
இடியப்பத்தைப் பிய்த்தார்.
பதினோராம் தடவை
கடை முழுக்க அவரைப் பார்த்தது.
குசினிக்குள்ளிருந்து நான் வந்தேன்.

"என்ன ஐயா, கதிரை?"
"கதிரைக்கு என்ன?
சம்பலில உப்பைக் காணேல்லை."
"போன மாசம் கூட எண்டீங்கள்."
"அது போன மாசம்."

இப்போது கிழமையில் நாலு நாள் கதிரை நகரும்.
முதலாளி கமராவில் பார்த்துவிட்டு
"அந்த மனுசனுக்கு என்ன வருத்தம்?" என்று கேட்டார்.
வாதக் கால், நீட்டி இருக்கவேணுமாம் என்றேன்.

நேற்று மழை.
அவர் கதிரையைத் தொடவில்லை.
குடையைக்கூட மடிக்காமல் பக்கத்தில் வைத்து
குனிந்த தலையோடு சாப்பிட்டார்.
தண்ணீர் வைக்கப் போகிற சாட்டில்
முழங்காலால் ஒரு சாண் தள்ளினேன்.

செல்லம் வந்து நின்றது
எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில்
வேறு யாரோ கேட்ட கொத்து ஆவி பறக்க.

"தயவுசெய்து வழிவிடவும்."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார்.
"பிந்துது" என்றார்.