வற்றம்

தயானந்தன் ஓத அட்டவணையைப் பார்த்திருந்தார்.
பார்த்தது போன வெள்ளிக்கிழமைக்கானது.

அதனால் பதினொன்றரை மணிக்கு
அல் தகீராவின் கண்டல் கால்வாய் ஒன்றில்
எங்கள் மஞ்சள் கயாக்
கொஞ்சமும் கூச்சமில்லாமல்
சேற்றில் உட்கார்ந்தது.

வாரம் ஆறு நாளும் எரிவாயு ஆலையில்
ஊரார் தலைக்கவசத்தின் வாரை
இழுத்துப் பார்க்கிற மனுஷன்.
வீட்டு அடுப்புக்குப் பக்கத்தில்
தீப்போர்வை மாட்டி வைத்திருக்கிறவர்.
துடுப்பை ஊன்றினார்.
முழங்கை ஆழம் இறங்கிற்று.
உருவும்போது சேறு
சப்பென்று ஒரு முத்தம் கொடுத்தது.
நான் முன் இருக்கை. சிரித்த முகம் தெரிந்திருக்காது,
தோள் குலுங்கியது தெரிந்திருக்கும்.

படகு வாடகைக்கு விடும் தில்பகதூரிடம்
இவர் உடைந்த இந்தியில் கேட்க
அவன் உடையாத இந்தியில் சொன்னான்:
இறங்க வேண்டாம். கீழே முழுக்க மூச்சுவேர்.
மிதித்தால் மரத்துக்குத் திணறும்.
போன தண்ணீர் வந்துவிடும்.
எப்போது?
மூன்று மணி நேரம், முன்னே பின்னே.
மலைநாட்டுக்காரன்;
கடலைப் பார்த்தே இரண்டு வருஷம்தான் ஆகிறதாம்.

முதல் அரைமணி இவர் கோபமாக இருந்தார்.
யார் மேல் என்று முடிவாகவில்லை.
இரண்டு ஆரஞ்சு இருந்தன, தின்றோம்.
தோலைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

பிறகு நண்டுகள் வந்தன.
நாங்கள் எதற்கும் உதவாதவர்கள் என்று
உறுதியானதும்
துளைக்கு ஒரு கண், அப்புறம் மற்றொரு கண்,
அப்புறம் மொத்த உடம்பும்.
சேற்றை வாரி வாயில் போட்டு
உருண்டை உருண்டையாய்த் துப்பின.
சுற்றிலும் வேலைநாள்.
எங்களுக்கு மட்டும் லீவு.

கண்டல் இலையைத் தடவி விரலை நாக்கில் வைத்தேன்.
உப்பு.
'கழுவாம வாயில வைக்காதே' என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து
தாழ்ந்த கிளையில் ஓர் இலையைப்
பறிக்காமல், கழுத்தை நீட்டி
நக்கிப் பார்த்தார், ஆடு மாதிரி.
பதினான்கு வருஷமாய்க் கூட இருக்கிறேன்,
இது எனக்குத் தெரியாத ஆள்.

கால்வாய் முடியும் வெட்டவெளியில் பூநாரைகள்,
நாற்பதுக்கு மேல்.
அலகைக் கவிழ்த்து, நீரைச் சலித்துச் சலித்து
எங்களைக் கடந்தன. ஒன்றுகூடத் திரும்பவில்லை.
நமக்குத்தான் இது வற்றம்;
அவற்றுக்குப் பந்தி.
ஒரு கரைக்கொக்கு மட்டும் எங்கள் படகின் நிழலில்
நின்று மீன் பார்த்தது.
தூரத்தில் ஆலையின் தீக்கொடி.
அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து
அவர் வெகுநேரம் எதையும் சரிபார்க்கவில்லை.

தண்ணீர் வருவது நண்டுகளுக்குத்தான்
முதலில் தெரிந்தது. சட்டென்று கடை சாத்தின.
அலையில்லை, ஓசையில்லை.
துடுப்பு குத்திய குழி நிறைந்தது.
அதற்கடுத்த குழி.
பிறகு அடியில் யாரோ
உள்ளங்கை நுழைத்தது போல
எழுந்தோம்.
துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு
அவர் அப்படியே இருந்தார்.

கரையில் மிதவைச் சட்டைகளை எண்ணி வாங்கிய தில்பகதூர்
ஒரு மணி நேரக் காசுதான் எடுத்தான்.
மீதி நேரம் நீங்க ஓட்டலையே என்றான்.

இரவு ஒன்பதே முக்கால்.
ஷூ கழுவியவர் குளியலறையிலிருந்து கூப்பிட்டார்.
நாக்குப்பட்டைக்கு அடியில்
விரல்நகம் அளவு ஒரு கூம்பு நத்தை,
கதவை இழுத்து மூடிக்கொண்டு.

இங்கிருந்து எதையும் எடுத்துப் போகக்கூடாது
என்று வாசல் பலகையில் எழுதியிருந்தது.
அரபியில், இங்கிலீஷில்.

டம்ளரில் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு,
போதாதென்று இன்னொரு சிட்டிகை.
எவ்வளவு என்று எந்தப் பட்டியலிலும் இல்லை.
என்னை ருசி பார்க்கச் சொன்னார்.
'அந்த இலை அளவுக்கு இல்ல' என்றேன்.

கார்ச் சாவியை எடுத்தார்.
அட்டவணையில் தேதியை
இரண்டு தடவை பார்த்தார்.
டம்ளர் என் மடியில்.
சீட் பெல்ட்டை அதற்கும் சேர்த்துப் போட்டு
ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.