புள்ளி

இரவு இரண்டேகாலுக்கு ஃபிலோமினா சிஸ்டர்
மருந்துத் தாளை என் முகத்துக்கு நேரே நீட்டுகிறார்.
ஒரு வார்த்தை பேசவில்லை.

பதினேழாம் படுக்கை.
வார்மரின் செம்மஞ்சள் வெப்பத்தில்
இரண்டு கிலோ நூற்றிருபது கிராம்,
இன்னும் பெயர் வைக்காத பெண்.
குடலைத் தைத்து ஆறு மணி நேரம்.
மார்ஃபின் என்ற சொல்லுக்குப் பக்கத்தில்
நான் படிப்பது: 2 மி.கி.

குழாய்விளக்குக்கு அடியில் சாய்த்துப் பிடித்தால்தான் தெரிகிறது
இரண்டுக்கு முன்னால் ஒரு புள்ளி.
தாளின் அச்சுக்கோட்டில் விழுந்து
கோட்டோடு கோடாகக் கிடக்கிறது.
பத்து மடங்கு
ஒரு பேனா முனையில்.

கீழே ருஜுதாவின் கையெழுத்து.
அதற்கும் கீழே என்னுடையது.

சிஸ்டர் இன்னும் ஊசியில் ஏற்றவில்லை.
"கேட்டுட்டுப் போடலாம்னு" என்கிறார், வசை மராத்தியில்,
ஏதோ காய்கறி விலை கேட்பதைப் போல.
பிறகு தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

ருஜுதா நேற்றுக் காலை
கிங்ஸ் சர்க்கிளில் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்தவள்.
முப்பத்தோரு மணி நேரமாக
அதே ஈரச் செருப்பு.
தாளைப் பார்த்தாள். காது மடல் வெளுத்தது.
என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றாள்,
அதிலிருந்து என்ன வரப்போகிறதென்று.

எனக்குத் தெரியும் என்ன வருமென்று.
பதினாறு வருஷத்துக்கு முன்
இதே வராந்தாவில், தாய்மார்கள் பார்க்க,
என் தாளை ஒருவர் நான்காகக் கிழித்தார்.
அன்று நான் கற்றது மருந்தளவை அல்ல.
அடுத்த தவறை மறைக்கக் கற்றேன்.
மூன்று மணி நேரம் மறைத்தேன்.
அந்த மூன்று மணி நேரத்துக்கு ஒரு முகம் உண்டு.
அதை இங்கே எழுதமாட்டேன்.
ருஜுதாவிடம் சொன்னேன், முழுவதும்,
படுக்கை எண் உட்பட.

இன்னொன்றும் சொல்ல வந்தேன்:
எங்கள் எழுத்தில், பெண்ணே,
தலையில் ஒரு புள்ளி வைத்தால்
உயிர் போய்விடும்,
மெய் மட்டும் நிற்கும்.
இந்தியில் எப்படிச் சொல்வது இதை?
இரண்டு முறை ஆரம்பித்து விட்டுவிட்டேன்.
"பூஜ்யம் போடு" என்றேன்.
"புள்ளிக்கு முன்னால் எப்போதும்.
பின்னால் ஒருபோதும் கூடாது."
அவள் தலையாட்டி, அழுது, மூக்கைச் சிந்தி,
கை கழுவிவிட்டுப் புதுத் தாள் எடுத்தாள்.

எட்டு மணி ரவுண்ட்ஸ்.
பதினேழில் தொடங்கினோம், பதினொரு பேர்.
வாய் உலர்ந்தது, இந்த வயதிலும்.
"நேற்று இரவு, நான்
படிக்காமல் கையெழுத்துப் போட்டேன்" என்று தொடங்கினேன்.
யாரோ ஒருவர் போன் அதிர்ந்து அடங்கியது.
ஜன்னலுக்கு வெளியே மழை, ஹார்பர் லைன், ஹாரன்.
ருஜுதா தரையைப் பார்த்தாள்.
அவள் பெயரை நான் எடுக்கவில்லை.
"கீழே இருந்த கையெழுத்து என்னுடையது" என்றாள் அவளே.

அப்புறம், பின்வரிசையிலிருந்து,
மிசோரமிலிருந்து வந்த லால்ரின்மாவியா,
ஆறு மாதமாக 'எஸ் மேடம்' தவிர
எதுவும் சொல்லாதவன்:
"போன செவ்வாய். பொட்டாசியம்.
நானே பார்த்துத் திருத்திவிட்டேன்.
யாரிடமும் சொல்லவில்லை."
அவனுக்குப் பக்கத்தில் ஒருத்தி தொண்டையைச் செருமினாள்.
பத்தரை மணி வரை
இரண்டாவது படுக்கைக்கு நகரவில்லை நாங்கள்.

கோவண்டியிலிருந்து வந்த அம்மா,
தையல் வலியோடு சுவரைப் பிடித்து நின்றவள்,
எவ்வளவு நேரம்தான் பொறுப்பாள்:
"இத்தனை டாக்டரும் ஏன்
ஒருத்தரை ஒருத்தர் பார்த்துட்டு நிக்கிறீங்க?
குழந்தை இங்கே இருக்கு."

திரும்பினோம்.
ருஜுதா உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கி
வார்மருக்குள் நீட்டினாள்.
தலைமாட்டில் அவள் எழுதிய தாள்:
அந்தப் பூஜ்யம்
கட்டத்துக்குள் அடங்காமல்
பக்கத்து மருந்தின் இடத்தையும்
பிடித்துக்கொண்டிருந்தது.