ஒன்பது எண்ணும் நேரம்

மெல்வின் ராகல் மெல்பனுக்குப் போகுமுன்
வீட்டுச் சாமானை விற்றுத் தீர்த்த கிழமை
ஒருவரும் விலை கேட்காத தூண்டில் கம்பும்
இரண்டு ரீல்களும்
என் கைக்கு வந்து சேர்ந்தன.
ஒன்றில் மஞ்சள் நூல், மிதக்கும்.
மற்றது புகையிலை நிறம், தாழும்.
எது நல்லம் என்றேன்.
"மீனிட்டக் கேளுங்க" என்றான்
அலுமாரிக்கு விலை பேசிய அவசரத்தில்.

கிழமையில் ஐந்து நாள்
திணைக்களத்துத் தோணியில் இருந்து
கயிற்றில் ஈயக்குண்டு இறக்கி
வாவியை அளப்பது என் உத்தியோகம்.
நௌபர் சவள் வலிப்பான்,
நான் எழுதுவேன்.
பாலமீன்மடுப் பக்கம் இடுப்பளவு,
முகத்துவாரத்தில் மண் அடைத்த இடத்தில்
முழங்கால்கூட நனையாது.
அடித்தரை என்பது எனக்குக்
கட்டம் போட்ட தாளில் ஓர் இலக்கம்.
ஆறாவது நாளும் அதைத் தொட
ஆருக்கு மனம் வரும்?
ஞாயிற்றுக்கிழமைக்கு மஞ்சள்தான்
என்று முடிவு கட்டினேன்.

இரையும் நானே கட்டினது.
காத்தான்குடி இறைச்சிக் கடையில்
கேட்டு வாங்கிய ஆட்டுவால் மயிர்,
சேவல் கழுத்து இறகு,
சட்டைக்கு வாங்கி மிஞ்சின வெள்ளிச் சரிகை.
"இத மீன் தின்னுமா மிஸ்?"
தின்னாது நௌபர், கோபப்படும்.

வெள்ளாப்பில்
கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
காற்று இன்னும் எழும்பியிருக்கவில்லை.
மஞ்சள் நூல் பின்னுக்குப் போய்
ஒரு கணம் யோசித்து
முன்னுக்கு வந்து விரிந்தது.
தண்ணீரில் போட்ட கோடு
அழியாமல் கிடந்ததை
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
திரளிக் குஞ்சுகள் சிதறின.
டொப் என்று ஒரு கொடுவா வாய் மூடியது.
பதறி இழுத்தேன்.
சரிகை மட்டும் மினுங்கிக்கொண்டு
திரும்பி வந்தது.

மறுகா வெயில்.
ஏழரைக்கெல்லாம்
மீன்கள் கந்தோருக்குப் போனமாதிரி
வாவி வெறிச்சென்று கிடந்தது.

"கீழ இறங்கியிருக்கும்" என்றான் நௌபர்.
"எங்க பள்ளம் எண்டு
உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும்.
ஆறாம் தூணுக்குக் கிழக்கே
பதினொரு அடி.
சித்திரையில் என் கையாலே எழுதினது.

ரீலை மாற்றினேன்.
புகையிலை நூல் பறக்கவில்லை,
ஈரச் சாரத்தை எறிந்தமாதிரிப் போய் விழுந்தது.
பிறகு காணவே இல்லை.
எண்ணத் தொடங்கினேன்.
ஒன்று, இரண்டு, மூன்று.
ஈயம் ஒரே மூச்சில் சொல்லிவிடும் பதிலை
இது நின்று நின்று சொல்லியது.
நீரோட்டம் பிடித்துத் தள்ள
தள்ளின பக்கம் சாய்ந்து
ஐந்து, ஆறு,
மேலே ஒரு பஸ் பாலத்தைக் கடக்க
தூண் நடுங்கியது,
ஏழு.
சத்தமில்லாமல் நௌபரின் உதடும்
எண்ணிக்கொண்டிருந்தது.
எட்டாம் எண்ணில்
எனக்கு ஒரு பயம் வந்தது.
என்ன பயம் என்று கேட்டால் தெரியாது.
இத்தனை வருசம் தொட்ட அடித்தரையை
முதன்முதலாகக்
கண் இல்லாமல் தடவுகிறேன் போல.

ஒன்பது.
கல்லில் சிக்கிவிட்டது என்று நினைத்தேன்.
கல் நகர்ந்தது.

கம்பு வளைந்து தண்ணீரைக் குடித்தது.
ஆழத்தில் பிடிபட்ட கொடுவா
ஆழத்தில் நிற்கவில்லை.
நேரே மேலே வந்து
வாவியைக் கிழித்துக்கொண்டு
என் தலைக்குச் சரியாய் ஆகாயத்தில் நின்று
தலையை ஒருதரம் உதறியது.
செவுள் சிவப்பைக் கண்டேன்.
நூல் தளர்ந்தது.
நௌபர் அல்லாஹ் என்றான்.
நான் ஒன்றும் சொல்லவில்லை,
வாய் திறந்தபடி இருந்தது.

வீட்டில் உடுப்புக் கொடியில்
இரண்டு நூலையும் காயப் போட்டேன்.
உப்புப் பட்ட பிறகு
மஞ்சள்கூடக் கொஞ்சம் மங்கித்தான் இருந்தது.
வருகிற ஞாயிறு எது என்று
நௌபர் ரெண்டுதரம் கேட்டுவிட்டான்.

திங்கள் காலை அளவுப் புத்தகத்தில்
ஆறாம் தூண், பதினொரு அடி என்று எழுதி
பக்கத்தில் ஒன்பது என்றும் எழுதினேன்.
பொறியியலாளர் சிவப்புப் பேனையால்
அதைச் சுற்றி வட்டம் போட்டிருக்கிறார்.
"அலகு என்ன?"

இன்னும் பதில் எழுதவில்லை.