அறுபது மீட்டர்

புதன் மாலை நாலரைக்கு
நீச்சல் கோச் டெரன்ஸ் வருவார்.
பதிவேட்டில் பெயரெழுதித்
தடுப்புக் கட்டையை உயர்த்துவது என் வேலை.
ஏழாம் மாடிப் பிள்ளை
மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டு ஓடும்:
"ஆன்ட்டி, பாத்துக்குங்க."
பார்த்துக்கொள்கிறேன்,
புக்கிட் தீமாவின் நீலத் தண்ணீரில்
மணிக்குத் தொண்ணூறு வெள்ளி வீதம்
அது மெலிந்துகொண்டிருப்பதை.

யுகேந்திரனின் பள்ளியிலிருந்து கடிதம்.
உயரம், எடை,
இரண்டையும் போட்டு வகுத்த ஓர் எண்.
அவனே வாசித்துக் காட்டினான்.
"கொஞ்சம் வெயிட் கூடவாம்மா."
'மிகவும்' என்றிருந்த இடத்தைத்
தாண்டிக் குதித்தான்.
அவ்வளவு லாவகமாக அவன்
எதையும் தாண்டி நான் பார்த்ததில்லை.

எனக்கு இங்கிலீஷ் தெரியும்.
பன்னிரண்டு மணி நேரம் அதில்தான் குட் மார்னிங் சொல்கிறேன்.
தெரியாத மாதிரி இருந்தேன்.

கடிதத்தோடு ஒரு தட்டின் படம்,
பாதி நிறையக் காயும் கனியும்.
நான் இல்லாத மாலைகளில்
அவன் தட்டே எடுப்பதில்லை.
கப் நூடுல்ஸில் வெந்நீர், மூன்று நிமிடம், முடிந்தது.
அடுப்பைத் தொடாதே என்று சொன்னது நான்தான்.
கீழே போகாதே என்றதும் நான்தான்.
போனாலும் அங்கே சுவரில்
நான்கு மொழியில் எழுதியிருக்கிறது
பந்து விளையாடக் கூடாதென்று.
தமிழில் மட்டும் ஓர் எழுத்துப் பிழை.
அதனால் நமக்குச் சலுகை ஒன்றும் இல்லை.

உணவு ஆலோசகரைப் பார்க்கச்
செவ்வாய் பகல் மூன்று மணி கொடுத்திருந்தார்கள்,
பெற்றோரோடு.
ஒரு நாள் சம்பளம், வீட்டு வாடகை, பேருந்து அட்டை:
நானும் போட்டு வகுத்துப் பார்த்தேன்.
செவ்வாய்க்கிழமை
தடுப்புக் கட்டையை உயர்த்திக்கொண்டிருந்தேன்.

நேற்று இரவு ஒன்பதேகால்.
லெங்கோக் பாரு, ஒன்பதாம் மாடி.
லிஃப்ட் திறந்தால்
தாழ்வாரத்தில் ஓடுகிறான் என் மகன்,
காலில் வெறும் சாக்ஸ்.
கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்கக் கூடாதாம்.
இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு அறுபது மீட்டர்,
பென்சில் பெட்டி ஸ்கேலை வைத்துத்
தரையில் தவழ்ந்து தவழ்ந்து அளந்திருக்கிறான்.
"நாப்பது தடவைம்மா. ரெண்டு புள்ளி நாலு கிலோமீட்டர்.
டெஸ்டுல அவ்வளவுதான் கேப்பாங்க."

ரொஹானி மக்சிக் துணி காயும் ஸ்டாண்டை
உள்ளே இழுத்து வைத்திருந்தார்.
கோடி வீட்டுக்காரர் இரும்புக் கேட்டைச் சாத்தினார்,
தேவைக்குச் சற்று அதிகமாகவே.

பதினோராவது தடவையில் நின்றுவிட்டான்.
சுவரில் கையூன்றி, குனிந்து,
மூச்சை எங்கெங்கோ தேடினான்.
கிழிந்த சாக்ஸிலிருந்து கட்டைவிரல்
வெளியே பார்த்துக்கொண்டிருந்தது.
நான் பக்கத்தில் போனேன்.
"எண்ணாதம்மா" என்றான்.

எண்ணவில்லை.
பையைக் கீழே வைத்தேன்.
சீருடையைக்கூட மாற்றாமல்
லிஃப்ட்டின் முன்னால் போய் நின்றேன்,
யாரும் குறுக்கே வந்துவிடாமல்.

தெரிந்த வேலைதான்.